கையால் எழுதிய தலைப்பு ஏன் இழுக்கிறது? அட்டை லெட்டரிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பையில் இருந்துகொண்டு தமிழ்ப் புத்தகங்களின் அட்டைத் தலைப்பைக் கையால் எழுதுவது, அதாவது லெட்டரிங், என் வேலை. அவ்வப்போது கதைகளுக்குப் படமும் வரைவேன். எழுத்தாளர், சிறு பதிப்பாளர், டிசைன் படிக்கும் பிள்ளைகள் என்று கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் அதிகம் மாறுவதில்லை. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

ஃபான்ட் இத்தனை கிடைக்கிறதே, கையால் எழுதுவது எதற்கு?

ஃபான்ட், அதாவது கம்ப்யூட்டரில் தட்டினால் வரும் ஆயத்த எழுத்துருவைச் செய்கிறவருக்கு ஒரு கட்டாயம் உண்டு. அவர் வரையும் ‘ட’ எந்த எழுத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாலும் ஒத்துப்போக வேண்டும். நாளைக்கு யார் எந்தச் சொல்லில் அதைப் போடப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஆகவே எல்லாருக்கும் பொதுவாக, கொஞ்சம் அடக்கமாகத்தான் வரைய முடியும். தலைப்பு எழுதுகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. எந்த எழுத்துக்கு வலது பக்கம் யார், இடது பக்கம் யார், மேல் வரியில் யார் என்பது முன்கூட்டியே தெரியும். கையால் எழுதிய தலைப்பின் கவர்ச்சி பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. பழைய நினைவு, மண்வாசனை எல்லாம் அதற்கு அப்புறம்.

‘பட்டம் விட்ட வீதி’ என்று ஒரு நாவல் வருவதாக வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்காக நானே வைத்த பெயர்தான். அதில் நான்கு ‘ட’ இருக்கிறது. தமிழில் ட-வைப்போல இடத்தைச் சாப்பிடும் எழுத்து குறைவு. நிற்கும் கோடு ஒன்று, படுத்த கோடு ஒன்று, மேலே வலது பக்கம் முழுக்கக் காலி. இரண்டு ட அடுத்தடுத்து வந்தால் சொல்லுக்கு நடுவில் பல் விழுந்த மாதிரி தெரியும். ஃபான்டில் இடைவெளியைக் கொஞ்சம் நெருக்கலாம், அதோடு சரி. கையால் எழுதும்போது முதல் ட்-இன் அடிக்கோட்டு மேலேயே இரண்டாவது ட-வைச் சின்னதாக உட்கார வைக்கலாம். புள்ளியைப் பெரிதாக்கி அந்தக் காலியிடத்துக்குள் இறக்கலாம். ‘பட்டம்’ என்பதில் ஒரு விதமாகவும் ‘விட்ட’ என்பதில் வேறு விதமாகவும் செய்யலாம்.

இதையே மூன்று வரியாக அடுக்கிப் பாருங்கள். முதல் வரியில் நான்கு எழுத்து, அடுத்து மூன்று, கடைசியில் இரண்டு. தலைப்பு தானாகவே படிக்கட்டாக இறங்குகிறது, கீழே வலது பக்கம் படத்துக்கு இடம் கிடைக்கிறது. ஆனால் ‘வி’க்கு நேர் கீழே ‘வீ’ வந்து நிற்கும். அதன் சுழி மேல் வரியைப் போய் இடிக்கும். சுழியைக் கொஞ்சம் வலது பக்கம் சாய்த்து, வி-க்கும் ட்-க்கும் நடுவே உள்ள சந்தில் நுழைய விட்டால் இரண்டு வரியும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு தலைப்புக்கு மட்டும் செல்லுபடியாகும் தீர்வு இது. வேறு எந்தப் புத்தகத்துக்கும் உதவாது. வாசகருக்கு இதெல்லாம் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் இந்த எழுத்து இந்தப் புத்தகத்துக்கென்றே பிறந்தது என்று அவர் கண்ணுக்குப் படும்.

கையால் எழுதியது போலவே இருக்கும் ஃபான்ட் இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன?

ஒரே சொல்லில் ஒரே எழுத்து இரண்டு முறை வராதவரை தப்பிக்கலாம். மேலே சொன்ன தலைப்பில் நான்கு ட-வும் அச்சு அசலாக ஒரே பிசிறோடு, ஒரே இடத்தில் மை தீர்ந்த அடையாளத்தோடு வந்து நிற்கும். ஒரு மனிதர் நான்கு முறை ஒரே இடத்தில் தடுமாறியது போல. இதைவிடச் சுத்தமான சாதாரண ஃபான்ட் எவ்வளவோ மேல்.

கொஞ்சம் கோணல் மாணலாக இருந்தால்தானே கைவேலை?

இந்த நம்பிக்கை எப்படிப் பரவியதோ தெரியவில்லை. தாராவி 90 அடி ரோட்டில் கடை போர்டு எழுதும் பெயின்டர் அண்ணாச்சி ஒருவரைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்த எண்ணம் போய்விடும். முதலில் சுண்ணக்கட்டியில் கோடு போடுவார். சொல்லின் நடு எழுத்தைக் கண்டுபிடித்து, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் இடம் பிரிப்பார். தட்டையான பிரஷ்ஷை எடுத்தால் ‘ப’வின் வலது கையை ஒரே இழுப்பில் இழுத்து, முனையில் பிரஷ்ஷை ஒரு சின்னத் திருப்பு திருப்பி நிறுத்துவார். அந்தத் திருப்பில்தான் எழுத்தின் மூலை கூர்மையாகும். பாதி எழுதியதும் ஏணியிலிருந்து இறங்கி ரோட்டைக் கடந்து எதிர்ப் பக்கம் போய் நின்று பார்ப்பார். “இங்கேர்ந்து படிக்க முடியலைன்னா எழுதி என்ன புண்ணியம், தம்பி?” என்பார்.

அவர் கை கோணலுக்காக உழைக்கவில்லை, நேருக்காக உழைக்கிறது. நேராக வரப் பார்த்தும் கை கொஞ்சம் தன் போக்கில் போகும் அல்லவா, நம் கண்ணுக்குப் பிடிப்பது அதுதான். வேண்டுமென்றே கோணலாக்கினால் வேஷம் தெரிந்துவிடும்.

தமிழுக்குப் பேனா மரபு ஏதும் உண்டா? கோடு எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும்?

மாணவர்கள் கேட்பதில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ரோமன் எழுத்துக்குத் தட்டை முனைப் பேனா மரபு இருக்கிறது. தேவநாகரிக்கு நாணல் பேனா இருக்கிறது, மராத்தியில் அதை போரு என்பார்கள். அதன் முனையை எந்தப் பக்கம் சாய்த்து வெட்டுவது, எந்தக் கோடு தடிக்கும், எது மெலியும் என்பதெல்லாம் கைவழியாக வந்த வழக்கம். தமிழ் பல நூற்றாண்டுகளாக ஓலையில் எழுத்தாணியால் கீறப்பட்டது. கீறினால் கோடு முழுக்க ஒரே தடிமன்தான். ஓலை கிழியும் என்று புள்ளியைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அதன் பிறகு அச்சு வந்தது. தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் வெளியானது. ஆக, ஓலைக்கும் அச்சின் ஈய எழுத்துக்கும் நடுவே தட்டை முனைப் பேனா என்ற கட்டம் நமக்கு அவ்வளவு வலுவாக வாய்க்கவில்லை.

இதை ஒரு குறையாகச் சொல்லுவார்கள். எனக்கு இது பெரிய சலுகையாகத் தெரிகிறது. ‘ண’வின் மூன்று சுழியில் எதைத் தடிக்க வைப்பது என்று யாரும் எனக்குக் கட்டளை போடவில்லை. நிற்கும் கோட்டைத் தடிக்க வைத்தால் செய்தித்தாள் தலைப்பின் மிடுக்கு வரும். படுத்த கோட்டைத் தடிக்க வைத்தால் எழுத்து தரையில் அழுந்தி உட்காரும், கிராமத்துக் கதைக்குப் பொருந்தும். கோடு முழுக்க ஒரே தடிமனாக விட்டால் ஓலை ஞாபகமும் வரும், நவீனமாகவும் இருக்கும். எதை எடுத்தாலும் தலைப்பு முழுக்க அதே நியாயம் ஓட வேண்டும். அது ஒன்றுதான் விதி.

மும்பையில் உட்கார்ந்து தமிழ் எழுத்து வேலையா?

ஏன் கூடாது? விண்டோஸ் 2000-இலிருந்து உலகம் முழுக்கக் கம்ப்யூட்டரில் தமிழ் படித்தவர்கள் பார்த்த லதா ஃபான்ட் இந்த ஊரில் பிறந்ததுதான். மராத்தி எழுத்துக் கலைஞர் ஆர்.கே. ஜோஷி (1936–2008) தலைமையில் அது உருவானது. தேவநாகரிக்கான மங்கள் ஃபான்டும் அவருடையதே. பவாயில் உள்ள ஐஐடியின் டிசைன் துறையில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். இன்றைக்கு இலவசமாகக் கிடைக்கும் முக்தா மலர், பலூ தம்பி இரண்டும் எக் டைப் என்ற மும்பைக் குழுவின் வேலை. பலூ தம்பி கொஞ்சம் குண்டு, குழந்தைகள் புத்தகத்தில் நிறையப் பார்த்திருப்பீர்கள்.

அப்புறம், மராத்திக்காரர்களிடம் தலைப்பு எழுதும் மரபு ரொம்பக் கெட்டி. 2020-இல் மறைந்த கமல் ஷெட்கே மராத்தி நாடகங்களுக்கு எழுதிய தலைப்புகளைத் தேடிப் பாருங்கள். மொழி தெரியாவிட்டாலும் நாடகம் சிரிப்பா சோகமா என்று பெயரைப் பார்த்தே சொல்லிவிடலாம். தீனாநாத் தலால் (1916–1971) வரைந்த அட்டைகளில் படமும் எழுத்தும் ஒரே தூரிகையில் வந்தவை. மராத்தி தீபாவளி மலர்கள் 1909-லிருந்து வருகின்றன, அவற்றின் பழைய அட்டைகளைப் பார்ப்பதே ஒரு படிப்பு.

ஒரே ஓர் ஆபத்து உண்டு. இங்கே எந்நேரமும் தேவநாகரியைப் பார்த்துப் பார்த்து, தமிழுக்கும் ஒரு தலைக்கோடு போட்டு அதிலிருந்து எழுத்தைத் தொங்கவிடும் ஆசை வரும். விளம்பரக் கம்பெனிகள் இதை அடிக்கடி கேட்கும். நான் ஒத்துக்கொள்வதில்லை. ‘ட’வுக்குத் தலையே கிடையாது, எதில் கட்டித் தொங்கவிடுவது?

தலைப்பையும் படத்தையும் ஒன்றாகக் கலக்கலாமா?

கலக்கலாம். நம் வார இதழ் ஓவியர்கள் அதைத்தான் செய்தார்கள். தொடர்கதைக்குப் படம் வரைந்தவரே பெயரையும் எழுதினார், அதனால் இரண்டும் ஒரே கோட்டில் வந்தன. கே.எம். ஆதிமூலம் (1938–2008) இதில் தனி ரகம். காந்தியைக் கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சித்திரங்களாக வரைந்த அதே கை இலக்கியப் புத்தகங்களுக்குத் தூரிகையால் தலைப்பு எழுதியபோது, எழுத்தின் முனை அவர் ஓவியக் கோடு போலவே உடைந்து நின்றது. வங்காளத்தில் சத்யஜித் ராய் சினிமாவுக்கு வருமுன் விளம்பர நிறுவனத்தில் இருந்தார், சிக்னெட் பிரஸ் பதிப்பகத்துக்கு அட்டைகள் செய்தார், பிற்பாடு ரோமன் ஃபான்ட்களும் வடிவமைத்தார். எழுத்து அவருக்குப் படத்தின் ஓர் உறுப்பு.

ஆனால் கலப்பது வேறு, எழுத்தைப் பொம்மையாக்குவது வேறு. ‘பட்டம் விட்ட வீதி’ என்றால் ‘தி’யின் கொக்கியை நீட்டிப் பட்டத்தின் வால் ஆக்கிவிடலாமே என்று பத்தில் எட்டுப் பேர் கேட்பார்கள். ‘கிணறு’ என்றால் ‘று’வின் வால் கயிறாக வேண்டும். சிறுவர் புத்தகத்துக்குச் சரி. நாவலுக்கு அது நகைச்சுவைத் துணுக்கு எழுதியது போல் ஆகிவிடும். தலைப்பு ஏற்கனவே பட்டம் என்று சொல்லிவிட்டது, எழுத்தும் அதையே சொல்லத் தேவையில்லை. எழுத்து சொல்ல வேண்டியது கதையின் வேகத்தை: நிதானமா, பதற்றமா, கேலியா என்பதை.

பழைய தும்பிக்கை ‘லை’, பழைய ‘றா’ போட்டுத் தர முடியுமா?

முடியும், யோசித்துச் செய்ய வேண்டும். பெரியார் 1935-லிருந்து குடி அரசு இதழில் பயன்படுத்திய எழுத்துச் சீர்திருத்தங்களில் பலவற்றைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றது. அதன் பிறகு பள்ளிக்குப் போனவர்கள் பழைய ணை, லை, ளை, னை வடிவங்களைச் சுமாராக ஊகித்துவிடுவார்கள், ஏனென்றால் எழுத்தோடு ஒட்டி யானைத் தும்பிக்கை போல வளையும் கோடு கண்ணில் படும். பழைய றா, ணா, னா அப்படியில்லை, கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு ஒட்டி வளைந்துவிடும், பலர் தடுக்கி விழுவார்கள். மும்பையில் வளர்ந்து தமிழை வீட்டில் கற்ற பிள்ளைகளுக்கு இரண்டுமே சிரமம். 1940-களில் நடக்கும் கதை, தலைப்பில் ஒரே ஒரு ‘லை’, மற்ற எழுத்தெல்லாம் தெளிவு என்றால் போடுவேன். அழகுக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

ஆங்கிலப் பெயரும் அட்டையில் வர வேண்டும். அதே பாணியில் எழுதுவீர்களா?

பாணியை ஒட்ட வேண்டாம், கருவியை ஒட்டினால் போதும். தமிழை எழுதிய அதே பிரஷ், அதே அகலம், அதே வேகம். தமிழ் எழுத்து மாதிரி வளைத்து வளைத்து எழுதிய ஆங்கிலம் மசாலா பாக்கெட் அட்டையைத்தான் ஞாபகப்படுத்தும்.

என்ன கருவி பயன்படுத்துகிறீர்கள்?

தட்டை பிரஷ், வட்ட பிரஷ், சீவிய மூங்கில் குச்சி, கேமல் போஸ்டர் கலர், இந்தியன் இங்க், டிரேசிங் பேப்பர். டேப்லெட்டில் எழுதுகிறவர்களும் நன்றாகவே எழுதுகிறார்கள், அதில் எனக்கு வழக்கு இல்லை.

பேப்பரில் எழுதினால் 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனைத் தானாகவே கோடுகளாக மாற்றித் தரும் சாஃப்ட்வேர் டிரேஸை நம்பி விட்டுவிடாதீர்கள். அது கூர் மூலையையெல்லாம் மழுக்கி, பிரஷ் திரும்பிய இடத்தைச் சோப்புக் கட்டி ஆக்கிவிடும். ஸ்கேனை அடியில் வைத்துக் கையாலேயே புள்ளி வைத்து வரைவது நேரம் பிடிக்கும், ஆனால் அதுதான் வேலை.

புத்தகத்தின் முதுகிலும் ஆன்லைன் கடையின் சின்னப் படத்திலும் தெரியுமா?

பதிப்பாளர்கள் கேட்க மறக்கிற கேள்வி, ஆகவே நானே கேட்டுக்கொள்கிறேன். மேலே கொக்கி, கீழே வால் என்று தமிழ் இரண்டு பக்கமும் நீளும். 200 பக்கப் புத்தகத்தின் முதுகு ஏறக்குறைய 1 செ.மீ. வரும். கொக்கியையும் வாலையும் அதற்குள் அடக்கினால் எழுத்தின் உடம்பு கடுகளவு ஆகிவிடும். முன்னட்டைத் தலைப்பைச் சுருக்கி முதுகில் ஒட்டினால் ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகிவிடும், சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளும். ஆகவே முதுகுக்குத் தனியாக எழுத வேண்டும்: வால் குட்டை, சுழி அகலம், புள்ளி பெரிது. ஆன்லைன் படத்துக்கும் அதையே பயன்படுத்தலாம். அட்டையைப் போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி, தமிழ் படிக்கத் தெரிந்த யாரிடமாவது காட்டுங்கள். பெயரை உடனே சொன்னால் சரி.

இந்த எழுத்தையே முழு ஃபான்டாக ஆக்கித் தர முடியுமா?

அது வேறு வேலை, வேறு கூலி. 247 எழுத்தையும் தனித்தனியாக வரையத் தேவையில்லை. கொம்பு, கால், கொக்கி ஆகியவை பல இடத்தில் தனித்து நிற்கும். ஆனால் கு, கூ முதல் னு, னூ வரை உகர ஊகார வரிசை மட்டும் 36 எழுத்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். டி, டீ தனி. இவ்வளவும் செய்து முடித்த பிறகு, முதல் கேள்வியில் சொன்ன அந்தப் பொது எழுத்துதான் கையில் இருக்கும்.

ஃபான்ட் ஆக்குவதே நியாயம் என்று சொல்லும் இடமும் இருக்கிறது. டெல்லியில் ஹனிஃப் குரேஷி என்ற கலைஞர், 2024-இல் காலமானவர், தெருப் பெயின்டர்களின் எழுத்துகளைச் சேகரித்து அந்தந்தப் பெயின்டர் பெயரிலேயே ஃபான்ட் ஆக்கினார். பிளெக்ஸ் பேனர் வந்து அவர்கள் தொழிலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. தமிழ் பெயின்டர்களுக்கும் யாராவது இதைச் செய்தால் நான் முதல் ஆளாக வருவேன்.

ஏஐ-யிடம் கேட்டால் உடனே வந்துவிடுமே?

வரும். புள்ளி எல்லாம் சரியான எழுத்தின் மேல் இருக்கிறதா, கொம்பு எந்தப் பக்கம் நிற்கிறது, ‘ழ’ உண்மையிலேயே ‘ழ’தானா என்று எண்ணிப் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

எழுதித் தந்த தலைப்பின் உரிமை யாருக்கு?

இதைப் பேசாமல் வேலையைத் தொடங்காதீர்கள், இரண்டு தரப்புக்கும் சொல்கிறேன். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். கனடாவிலும் சிங்கப்பூரிலும் புத்தகம் விற்கும் பதிப்பாளருக்கு இது முக்கியம். கலைப்படைப்பின் பதிப்புரிமை படைத்தவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் நீடிக்கும். படைத்தவர் என்று உரிமை கோரும் உரிமை, காசு வாங்கிக்கொண்டு பதிப்புரிமையைக் கொடுத்த பிறகும் கலைஞரிடமே இருக்கிறது. ஆகவே உள்பக்கத்தில் ‘தலைப்பெழுத்து’ என்று பெயர் போடச் சொல்லிக் கேளுங்கள்.

ஒருமுறை நான் எழுதிய தலைப்பை வெட்டி, இரண்டு எழுத்தை இடம் மாற்றி, வேறொரு புத்தகத்துக்கும் போட்டுவிட்டார்கள். வெட்டிய இடத்தில் ‘க்’ நொண்டிக்கொண்டிருந்தது. அதன் பிறகு ஒரு பக்க ஒப்பந்தம் இல்லாமல் பிரஷ்ஷைத் தொடுவதில்லை.

எந்தப் புத்தகத்துக்கு வேண்டாம் என்பீர்கள்?

அகராதி, சட்டப் புத்தகம், ஒரே பதிப்பகத்தின் 30 தொகுதி வரிசை. அங்கே எல்லா முதுகும் அலமாரியில் ஒரே மாதிரி நிற்பதுதான் அழகு, நல்ல ஃபான்ட் வாங்குங்கள். தலைப்பே பத்துச் சொல்லுக்கு நீளும் கட்டுரைத் தொகுப்பு என்றாலும் யோசிப்பேன். கையால் எழுதிய பத்துச் சொல்லை வாசகர் படிப்பதற்குள் அடுத்த புத்தகத்துக்குப் போய்விடுவார்.

வேலை கொடுக்கும்போது என்ன அனுப்ப வேண்டும்?

முடிவான தலைப்பு, ஒற்று மிகுமா மிகாதா என்பது உள்பட. எழுதி முடித்த பிறகு ஒரு ‘ப்’ சேர்த்தால் வரி முழுக்க மாறும், மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். கைப்பிரதி முழுசாக வேண்டும், சுருக்கம் போதாது. பக்க எண்ணிக்கையும் தாளும் தெரிந்தால் முதுகு அளவை நானே போட்டுக்கொள்வேன். உங்களுக்குப் பிடித்த மற்ற அட்டைகளின் படங்களை அனுப்பவே வேண்டாம். பிடிக்காதவை இரண்டு மூன்றை அனுப்புங்கள், எனக்கு அதுதான் உதவும். முதலில் பென்சில் ஸ்கெட்ச் மூன்று வரும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ‘முதலாவதின் க, மூன்றாவதின் ம’ என்று கலந்து கேட்காதீர்கள். முன்பணம் பாதி.